எரிச்சல் வேறு, வசவு வேறு: ஹாங்காங் பேச்சு குறித்து ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் ஹாங்காங் செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கான கட்டுரை ஒன்று வெளியானது. அதனுள், அங்கு பேசப்படும் சீன மொழியான கான்டனீஸில் கடைவீதியில் கைகொடுக்கும் சொற்கள் என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. ‘புக் காய்’ என்ற சொல்லுக்குக் ‘கையில் காசில்லை’ என்று பொருள் தந்து, பேரம் பேசும்போது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் கடைக்காரர் மனமிரங்கி விலையைக் குறைப்பார் என்ற ஆலோசனையையும் அதில் வழங்கியிருந்தீர்கள். 22 ஆண்டுகளாக ஹாங்காங்கில் குடியிருப்பவள் என்ற முறையில், அந்த ஆலோசனையைப் பின்பற்றினால் என்ன நடக்கும் என்பதை நான் நேரிலேயே பார்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் மதுரையிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன் அந்தப் பெட்டிச் செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தான். மோங் கோக் பகுதியின் துங் சோய் தெருவில் கூடும் ‘பெண்கள் சந்தை’க்கு அவனை அழைத்துச் சென்றேன். நான் இரண்டு கடை தள்ளிக் காலுறை பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவன் ஒரு தோள்பையைக் கையில் எடுத்து, விலை கேட்டு, பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டே கடைக்கார அம்மாளிடம் ‘புக் காய்’ என்று சொல்லிவிட்டான். அறுபது வயது மதிக்கத்தக்க அந்த அம்மாள் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு ‘யவ் மோ காவ் சோ ஆ!’ என்றார். நான் ஓடிப்போய் அரைகுறை கான்டனீஸில் மன்னிப்புக் கேட்டு, பையன் பத்திரிகையில் படித்ததைச் சொல்லிவிட்டான் என்று விளக்குவதற்குள், பையை அவன் கையிலிருந்து வாங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ‘மோ நேய் கம் ஹோ ஹேய்’ என்று முணுமுணுத்தபடி திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் கத்தவில்லை, திட்டவுமில்லை. கொடிய வசவு ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் திருப்பித் தந்தது வெறும் எரிச்சல் மட்டுமே. இந்த வேறுபாட்டைத்தான் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார் என்பது என் குறை.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘புக்’ என்றால் குப்புற விழுதல். ‘காய்’ என்றால் தெரு. (காய் வாங்கப் போகும் தெருவுக்கும் ‘காய்’ என்றே பெயர் என்பதை வந்த புதிதில் எண்ணி நானே சிரித்துக்கொண்டதுண்டு.) வீட்டில், பிள்ளைகள் சூழ்ந்திருக்க உயிர் விடுவதே நல்ல சாவு என்று கருதும் சமூகத்தில், ‘தெருவில் விழுந்து சாவாய்’ என்பது எத்தகைய சாபம் என்பதைக் ‘கட்டையில போறவனே’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹாங்காங்கில் இச்சொல் அயோக்கியனைக் குறிக்கவும், ஒருவனை நேருக்கு நேர் வசைபாடவும், சில நேரம் காலில் கல் தடுக்கும்போது தன்னையறியாமல் வாயில் வரவும் செய்கிறது. உற்ற நண்பர்கள் தங்களுக்குள் விளையாட்டாகவும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் முன்பின் தெரியாதவரிடம், அதுவும் வயதில் மூத்தவரிடம், எந்தத் தொனியிலும் சொல்லத் தக்கதன்று.

கட்டுரையாளருக்குக் ‘காசில்லை’ என்ற பொருள் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. மலேசியாவில், குறிப்பாகக் கான்டனீஸ் பரவலாக வழங்கும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும், இதே சொல் ‘திவாலாகிவிட்டேன், கையில் ஒன்றுமில்லை’ என்ற பொருளில் சாதாரணமாகப் புழங்குகிறது. மலாய்ப் பேச்சிலும் ‘பொக்காய்’ என்று கலந்துவிட்டது. தெருவில் விழுதல் எப்படிப் பண முடையாக மாறியது என்று வியப்பவர்கள், ‘நடுத்தெருவுக்கு வந்துவிட்டான்’ என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். ஒரே சொல் மலேசியாவில் பணமில்லாதவனின் புலம்பலாகவும் ஹாங்காங்கில் வசவாகவும் நிற்கிறது. ஈப்போவில் கற்றதை மோங் கோக்கில் செலவழிக்க முயன்றதுதான் தவறு.

இந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இரண்டு வரித் திருத்தத்தோடு முடித்திருப்பேன். ஆனால், கான்டனீஸ் மொழியே ஓயாமல் சண்டை போடுவது போல ஒலிக்கும் வட்டாரப் பேச்சு என்றும், அதில் மனத்தாங்கலைச் சொல்லக் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு வழியில்லை என்றும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 88.2 விழுக்காட்டினர் வழக்கமாகப் பேசும் மொழியைப் பற்றிய தீர்ப்பு இது. உண்மை இதற்கு நேர்மாறானது. எரிச்சலை இத்தனை நுணுக்கமாகத் தரம் பிரித்து, யாரையும் புண்படுத்தாமல் இறக்கிவைக்கும் வசதி கொண்ட பேச்சு மொழியை, தமிழைத் தவிர்த்து, நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அடிப்படையான சொல் ‘ஃபான்’. தொல்லை, சலிப்பு, நச்சரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடமும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் முதியவர்களிடமும் ‘ஹோ ஃபான் ஆ’ என்பதைக் கேட்காமல் ஒரு நாளும் கழியாது. ‘ஒரே பிடுங்கலாக இருக்கிறது’ என்பது அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் தமிழ். அதற்கு அடுத்து ‘மங் சங்’ என்றொரு அருமையான சொல் உண்டு. ஊசியில் நூல் கோக்க முயன்று நான்காவது முறையும் நூல் பிசகும்போது உள்ளே எழுமே, அந்தச் சிடுசிடுப்புக்குப் பெயர் ‘மங் சங்’. தூக்கம் வந்தும் தூங்க முடியாமல் சிணுங்கும் குழந்தையையும் அப்படித்தான் சொல்வார்கள். இதில் யார்மீதும் கோபம் இல்லை. காரியம்தான் படிய மறுக்கிறது. ஆள்மீது கோபம் என்று வந்துவிட்டால் சொல் ‘நவ்’ என்று மாறிவிடும். அதை எழுதும் எழுத்தில் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்பாள். அந்த எழுத்துக்குக் கோபம் என்ற பொருள் எப்படி வந்தது என்று என் அண்டை வீட்டு அம்மாளிடம் கேட்டபோது, ‘இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

கோபத்தை நெருப்பாகக் காண்பதில் அவர்களும் நாமும் ஒன்றுதான். நம்முடைய எரிச்சலே எரிதலிலிருந்து வந்தது. ‘ஃபோ’ என்றால் நெருப்பு. ‘ஃபோ குவன்’ என்பது நெருப்பு கொதிப்பதையும், ‘சே ஃபோ’ என்பது நெருப்பு இழுபட்டு எழுவதையும், ‘ஙான் ஃபோ பாவ்’ என்பது காணச் சகியாத ஒன்றைக் கண்டு கண்ணில் நெருப்பு வெடிப்பதையும் குறிக்கும். ‘ஃபோ தோ லேய் மாய்’ என்ற தொடரை நான் முதன்முதலாக ஒரு தேநீர் விடுதியில், தவறான உணவு மேசைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் வாயிலாகக் கேட்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நெருப்பே வந்து சேர்ந்துவிட்டது’ என்று வரும். என் பாட்டி ‘பத்திக்கிட்டு வருது’ என்று சொல்வதன் அச்சு அசலான உடன்பிறப்பு அது. இந்த நெருப்பு அவர்களுக்கு வெறும் உவமையும் அன்று. உடல் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அங்கும் உண்டு. கடுகடுவென்று பேசுபவரிடம் ‘உனக்கு நெருப்பு மிகுந்துவிட்டது, போய் ஒரு கோப்பைக் குளிர்ச்சித் தேநீர் குடி’ என்பார்கள். அது 24 சுவை என்று பெயர் பெற்ற, நம் நிலவேம்புக் கசாயத்துக்கு இணையான கசப்புள்ள மூலிகைக் கசாயமாகவும் இருக்கலாம். அந்த ஆலோசனை கிண்டல், வைத்தியம் இரண்டும்தான்.

ஆனால் சந்தையில் அந்த அம்மாள் நெருப்பைத் தொடவில்லை, மூச்சைத் தொட்டார். ‘ஹேய்’ என்பதற்கு மூச்சு, காற்று, ஆவி, உள்ளிருக்கும் உயிர்ச்சக்தி என்றெல்லாம் பொருள் விரியும். கான்டனீஸ்காரர்களின் எரிச்சலில் பாதி இந்தச் சிறு சொல்லைச் சுற்றித்தான் சுழல்கிறது. நெருப்பு வெளியே தெரியும். ஹேய் உள்ளேயே கிடந்து உருளும். பிள்ளை வீட்டுப்பாடத்தை மூன்றாவது நாளாகப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தால் தாய்க்கு ஏற்படுவது ‘கிக் ஹேய்’, அதாவது மூச்சைக் கிளறிவிடும் ஆத்திரம். அது முற்றினால் ‘கிக் ஸேய் ஙோ’ என்பாள், நாம் ‘என் உயிரை வாங்குகிறான்’ என்பதைப் போல. மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் குறை சொல்ல, பதில் பேச முடியாமல் நிற்கும் ஊழியருக்குள் சேர்வது ‘குக் ஹேய்’. அடைபட்ட மூச்சு, விழுங்கிய கோபம். கேட்காதவனிடம் சொல்லிக்கொண்டிருப்பது ‘ஸாய் ஹேய்’, மூச்சு விரயம். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் பயனில்லை என்று நாம் சொல்லும் இடம் அது. சொன்னதையே சொல்லி அறுப்பவருக்கு ‘சோங் ஹேய்’, நீள மூச்சுக்காரர் என்று பெயர். (என் மகள் இதை எனக்கே சூட்டியிருக்கிறாள், இக்கடிதத்தின் நீளத்தைப் பார்க்கும் ஆசிரியர் குழுவும் அவளோடு உடன்படக்கூடும்.) இந்த வரிசையின் உச்சியில் வருவதுதான் ‘மோ நேய் கம் ஹோ ஹேய்’: ‘உனக்கு இருக்கும் அளவு நல்ல மூச்சு என்னிடம் இல்லை’. உன்னோடு மல்லுக்கட்டித் தொலைக்க எனக்குத் தெம்பில்லை, நீயே ஜெயித்துக்கொள் என்ற விட்டுவிடல் அது. தோற்றதுபோல் பேசி எதிராளியின் வாயை அடைக்கும் இந்தச் சாமர்த்தியத்தைக் கெட்ட வார்த்தை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் முதலில் சொன்ன ‘யவ் மோ காவ் சோ ஆ’ என்பதும் அப்படியே. ‘தவறு ஏதும் செய்திருக்கிறாயா, இல்லையா?’ என்பது அதன் நேர்ப்பொருள். பேருந்து கண்ணெதிரே கதவை மூடிக்கொண்டு புறப்பட்டாலும், ஒரு கட்டுக் கீரைக்குத் திடீரென்று இரு மடங்கு விலை சொன்னாலும், வானிலை மையம் வெயில் என்று சொன்ன நாளில் மழை கொட்டினாலும் ஹாங்காங்வாசியின் வாயில் முதலில் வருவது இதுதான். கேள்வியின் வடிவத்தில் இருப்பதால் அது யார் தலையிலும் நேராக விழுவதில்லை. ‘இது என்ன கூத்து?’ என்று நாம் கேட்கும்போது பதிலை எதிர்பார்ப்பதில்லையே, அதே போலத்தான்.

இங்கே ‘மோ’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘யவ்’ என்றால் ‘இருக்கிறது’. அந்த எழுத்தின் வயிற்றுக்குள் உள்ள இரண்டு கோடுகளை எடுத்துவிட்டால் அது ‘மோ’, ‘இல்லை’ என்று ஆகிவிடும். பொது எழுத்துச் சீனத்தில் புழங்காத, கான்டனீஸ்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட எழுத்து அது. சலிப்பைச் சொல்ல அவர்களுக்கு இந்த வெறும் வயிற்று ‘மோ’ பெரிதும் உதவுகிறது. ‘மோ ஙான் தை’ என்றால் ‘பார்க்கக் கண் இல்லை’; நாம் ‘கண்றாவி’ என்று சொல்லும் அதே இடம். ‘மோ ஃபூ’ என்றால் ‘மந்திரத் தகடு தீர்ந்துவிட்டது’. பேயோட்டும் பூசாரியிடமே தகடு தீர்ந்துவிட்டால் எப்படியோ, அப்படி ஒரு கையறு நிலை. அடங்காத பிள்ளையைப் பற்றியும் பழுதாகிப் பழுதாகி வரும் அச்சுப்பொறியைப் பற்றியும் இதைச் சொல்கிறார்கள்.

பேய் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ‘குவை’ என்றால் பேய். ‘மட் குவை’ என்றால் ‘என்ன எழவு’. தொல்லை பிடித்த காரியத்தை ‘மாஃபான்’ என்பார்கள். எரிச்சல் மிகும்போது அந்த ஒற்றைச் சொல்லை நடுவில் பிளந்து, பேயை உள்ளே திணித்து, ‘மா குவை ஃபான்’ என்று ஆக்கிவிடுவார்கள். தமிழில் ‘எழவு’, ‘கருமம்’, ‘சனியன்’ போன்றவை சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்தான் நுழைய முடியும். ஒரு சொல்லின் வயிற்றுக்குள் புகுந்து உட்கார நம் பேய்களுக்கு அனுமதி இல்லை. மொழியியல் படிப்பவர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் இந்த வழக்கை ஹாங்காங்கின் எந்தக் காய்கறிக்காரரும் நாளொன்றுக்குப் பத்து முறை கையாள்கிறார். எல்லாரும் வெறுக்கும் ஆளுக்கு ‘ஸன் சங் குவை யிம்’ என்று பெயர்: கடவுளும் வெறுக்க, பேயும் முகம் சுளிக்கும் ஆள். அதே நேரம், வழியை மறித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்து நிற்பவரிடம் ‘பூமி சுற்றுவதைத் தடுக்காதே’ என்பார்கள். இதில் என்ன ஆபாசம் இருக்கிறது?

ஆபாசச் சொற்கள் அம்மொழியில் இல்லை என்று நான் வாதிடவில்லை. இருக்கின்றன, நம்மிடம் இருப்பவற்றுக்குச் சளைத்தவை அல்ல. அவற்றை இங்கே எழுதுவது முறையன்று. ஆனால் அவற்றின் மீது முக்காடு போடும் வழக்கமும் அங்கே வலுவாக இருக்கிறது. ‘திங்’ என்றால் தாங்குதல், முட்டுக்கொடுத்தல். ‘திங் ம் சுன்’ என்பது ‘தாங்க முடியவில்லை’ என்ற வெள்ளந்தியான சொல். ‘திங் நேய் கோ ஃபை’ என்பதோ ‘உன் நுரையீரலை முட்டு’ என்று பொருளற்ற பொருள் தரும். உண்மையில் வாயில் வரவிருந்த வேறொரு வினைச்சொல்லைக் கடைசி நொடியில் மாற்றிப் போட்டதன் விளைவு அது. ‘ங்கொய்யால’ என்பது எதன் முக்காடு என்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கட்டுரையாளர் சொல்வதுபோல் அம்மக்களுக்குக் கெட்ட வார்த்தை மட்டுமே தெரியுமானால், முக்காடு நெய்ய ஏன் இத்தனை உழைப்பு?

இதற்கு ஹாங்காங்கின் அண்மை வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2006 ஏப்ரலில், இரவு நேர இரட்டை மாடிப் பேருந்து ஒன்றில் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவரின் தோளைப் பின்னிருக்கை இளைஞர் தட்டி, குரலைத் தாழ்த்தச் சொன்னார். அதற்கு அவர் திரும்பி நின்று பொரிந்து தள்ளியதை இன்னொரு பயணி கைப்பேசியில் பதிவு செய்ய, ஏறத்தாழ 6 நிமிடக் காணொளி ஊரெங்கும், பிறகு உலகெங்கும் பரவியது. அந்த நடுவயதுக்காரர் வாய்க்கு வந்த ஆபாசமெல்லாம் பேசியிருந்தார் என்பது உண்மை. ஆனால் ஊர் எதை எடுத்துவைத்துக்கொண்டது? ‘நேய் யவ் ஆட் லிக், ஙோ யவ் ஆட் லிக்’, அதாவது ‘உனக்கும் அழுத்தம் இருக்கிறது, எனக்கும் அழுத்தம் இருக்கிறது’ என்ற வரியையும், விவகாரம் ‘இன்னும் தீரவில்லை’ என்று அவர் முழங்கிய ‘மேய் காய் குய்ட்’ என்ற சொல்லையும்தான். சட்டைகளில் அச்சாகி, நண்பர்கள் அரட்டையில் பழமொழியாகி நின்றவை அவை. நெரிசலான ஊரில் சிறு அறைகளில் வாழ்ந்து நெடுநேரம் உழைப்பவர்கள், அந்த மனிதரின் வசவை உதறிவிட்டு, அவருடைய எரிச்சலில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கான்டனீஸ் பேசும் இன்னொரு சீன நகரமான குவாங்சௌவிலும் இப்படி ஒன்று உண்டு. 2010 ஜூலையில், அந்நகரத் தொலைக்காட்சியின் கான்டனீஸ் நிகழ்ச்சிகளைக் குறைத்து அரசுமொழியான பூதோங்குவாவைக் கூட்ட வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, மக்கள் தெருவில் திரண்டு எழுப்பிய முழக்கங்களில் ஒன்று ‘போ துங் குவா ஸவ் பேய்’. பூதோங்குவா என்ற பெயரைச் சற்றே திரித்தால் கான்டனீஸில் ‘வெண்பூசணியை வேகவை’ என்று வந்துவிடும். ‘ஸவ் பேய்’ என்றால் தோலைச் சுருட்டிக்கொள், அதாவது வாயை மூடிக்கொண்டு மூட்டையைக் கட்டு. வெந்த பூசணி கடையைக் கட்டட்டும் என்று ஓர் ஊர் மக்கள் தங்கள் மனக்கொதிப்பைச் சொன்ன விதத்தை நம் மேடைப் பேச்சாளர்கள் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

எரிச்சலை வாயால் மட்டுமன்றிச் செருப்பாலும் தீர்த்துக்கொள்ள ஹாங்காங்கில் இடம் இருக்கிறது. காஸ்வே பே அருகே கனால் ரோடு மேம்பாலத்தின் அடியில், சிறு முக்காலிகளில் மூதாட்டிகள் அமர்ந்திருப்பார்கள். பணம் கொடுத்தால், நமக்குத் தொல்லை தருபவருக்குப் பதிலாக ஒரு காகித உருவத்தைச் செங்கல்மேல் வைத்துப் பழைய செருப்பால் அடித்துத் துவைப்பார்கள். ‘தா ஸியூ யன்’, அற்பரை அடித்தல் என்று இதற்குப் பெயர். மார்ச் மாதம் 5 அல்லது 6ஆம் நாளில் வரும், பூச்சிகள் விழித்தெழும் பருவநாளில் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். அடிக்கும்போது எதுகையோடு பாடுவார்கள்: தலையில் அடிக்கிறேன், உனக்கு ஹேய் இருந்தும் விட இடமில்லாமல் போகட்டும் என்று. இங்கேயும் ஹேய்தான். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ மேலாளரைப் பற்றியோ அத்தனையும் சொல்லிக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, அலுவலகம் சென்று அதே மேலாளருக்கு வணக்கம் சொல்வார்கள்.

கட்டுரையில் இன்னும் இரண்டு பிழைகள் உள்ளன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்டனீஸ்காரர்கள் சலிப்பில் சொல்லும் ‘ஆய்யா’, தமிழ் வணிகர்கள் குவாங்சௌவில் விட்டுச்சென்ற ‘ஐயா’ என்றும், அதற்கு அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே சான்று என்றும் எழுதப்பட்டிருந்தது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் ஃபூஜியன் மாநிலத்தின் குவான்சௌ. கான்டனீஸின் தலைநகரான குவாங்சௌ வேறு மாநிலத்தில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குவான்சௌவில் பேசப்படுவது கான்டனீஸே அன்று. மேலும், இதே ‘ஆய்யா’ சீனத்தின் மற்ற மொழிகளிலும் வழங்குகிறது. நொந்தவர் வாயிலிருந்து இத்தகைய ஒலி எழுவதற்கு எந்த வணிகரும் கப்பலேற வேண்டியதில்லை. நம் ‘ஐயோ’ புறநானூற்றின் 255ஆம் பாடலிலேயே இருக்கிறது. அந்தத் தொன்மை போதாதா, கடன் கொடுத்த பெருமையும் வேண்டுமா?

மற்றொன்று, உச்சரிப்பைப் பற்றியது. தமிழ் எழுத்தில் படித்துவிட்டு அப்படியே சொன்னால் போதும் என்று அறிவுறுத்தியிருந்தீர்கள். தமிழ் எழுத்து சில இடங்களில் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘ம் கோய்’ என்ற நன்றிச் சொல்லின் முதல் ஒலி நம் ‘ம்’ தான். நாம் சொல்லின் முதலில் பெரும்பாலும் வேலை கொடுக்காமல் வைத்திருக்கும் ‘ங’ வரிசைக்கு அங்கே கை நிறைய வேலை: ‘ஙோ’ என்றால் நான், ‘ஙான்’ என்றால் கண். (இன்றைய இளைஞர்கள் அந்த ‘ங’வை விழுங்கி ‘ஓ’ என்றே சொல்கிறார்கள், அதைச் சோம்பல் ஒலி என்று முதியவர்கள் எரிச்சலோடு சொல்வதும் அன்றாடம் கேட்பதுதான்.) ஆனால் கான்டனீஸில் 6 சுரங்கள் உண்டு, அவற்றைக் காட்ட நம்மிடம் எழுத்தில்லை. தொல்லையைக் குறிக்கும் ‘ஃபான்’ தாழ்ந்து இறங்கும் சுரத்தில் வரும். அதையே இறக்காமல் தட்டையாக இழுத்தால் சோறு. குடியேறிய முதல் ஆண்டில், சுவரைத் துளையிடும் ஓசை தாங்காமல் மேல்வீட்டுக் கதவைத் தட்டி, என் வாழ்நாளின் மொத்த எரிச்சலையும் திரட்டி ‘ஹோ ஃபான்’ என்று முறையிட்டேன். அந்த வீட்டு அம்மாள் குழப்பத்தோடு சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். நல்ல சோறு என்று ஒருத்தி பகல் பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்று பாராட்டினால் வேறு என்ன செய்வார்? துளையிடும் வேலை மட்டும் நிற்கவில்லை.

என் அக்காள் மகனின் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. ஊர் திரும்புவதற்கு முன்தினம் அவன் மறுபடியும் அதே கடைக்குப் போனான். இம்முறை முதலில் ‘தோய் ம் ஜ்யூ’ என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் பலமுறை சொல்லிக்கொடுத்த ‘பெங் தி லா’ என்பதைச் சொன்னான். ‘கொஞ்சம் குறைத்துக்கொடுங்கள்’ என்று பொருள். அந்த அம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, ‘சீ ஸின்!’ என்று கையை உதறிச் சிரித்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கம்பியோடு கம்பி ஒட்டிக்கொண்டது’, அதாவது நம் ஊர்க் கணக்கில் மறை கழன்றவன். இதை வசவாகக் கொள்வதா என்றால், அவர் விலையில் 20 ஹாங்காங் டாலர் குறைத்தபடி அதைச் சொன்னார் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். விடுமுறைக் காலம் நெருங்குகிறது. தங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறப்போகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். ‘புக் காய் என்பது ஹாங்காங்கில் கடுமையான வசவு, யாரிடமும் சொல்ல வேண்டாம். விலை குறைக்கக் கேட்பதற்குப் பெங் தி லா என்று சொல்லவும்’ என்ற திருத்தத்தை, அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே அளவுப் பெட்டியில், அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
ஹுங் ஹோம், ஹாங்காங்.